புழுக்கைக் கணக்கு

ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது. அந்த வீட்டுக்காரர் எனக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவுதான். பெரிய தொகை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குளியலறைக்கு வீட்டம்மா தேடித் தேடி வாங்கிய குழாய் ஒன்றின் விலை அதைவிடக் கூடுதல். ஆனாலும் என் முட்டி தேய்ந்து வந்த காசு, அதனால் ஒன்று விடாமல் நினைவில் வைத்திருந்தேன்.

டாக்டரம்மா, என்னை உங்களுக்கு அடையாளம் தெரியாது. உங்கள் மேசைக்கு எதிரே அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டைல்ஸ்காரன் நான். "இதுக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டீர்கள். நான் தலையை ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று உங்களுக்குப் புரியவில்லை. அப்படி ஆட்டுவதற்குப் பல வருடப் பழக்கம் வேண்டும். உடனே நீங்களே எனக்காக இரக்கப்பட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டீர்கள்.

இப்போது அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்து கற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. இதை எழுத பதினோரு நாள் பிடித்தது.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு குளியலறை, பின்கட்டு வராந்தா, சமையலறைச் சுவர். பழைய டைல்ஸை உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஒரு மாத வேலை. டைல்ஸ் வந்து சேரத் தாமதமாகி இரண்டு மாதம் இழுத்தது. வீட்டுக்காரர் பேசும்போது கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இருப்பார். சாவி நின்றால் பேச்சும் நின்றது என்று அர்த்தம். வீட்டம்மா நல்ல மாதிரி. நல்ல மாதிரி என்றால், டீ கொடுப்பார், அதற்கென்று தனியாக ஒரு டம்ளர் வைத்திருப்பார். இருவருக்கும் ஒரே பெண். ஒன்பது வயது. முன்பல் ஒன்று பாதி வளர்ந்திருந்தது. என்னை டைல்ஸ் மாமா என்று கூப்பிட்டாள்.

நாலாவதாக ஒரு ஆள் இருந்தது. பின்கட்டு அறையில், தனக்கென்று ஒரு மின்விசிறியோடு. சாம்பல் நிற முயல். பாப்பா அதற்கு உருண்டை என்று பேர் வைத்திருந்தாள். நான் துரை என்று வைத்தேன். மனசுக்குள்தான்.

துரையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீங்கள் டாக்டர் கண்ணால் பார்த்தீர்கள், நான் வேலைக்காரன் கண்ணால் பார்த்தேன். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். மூக்கை ஆட்டும். புல்லைத் தின்னும், புழுக்கை போடும். அதிலும் சிலதைத் திரும்பக் குனிந்து தானே தின்றுவிடும். அதைப் பார்த்து எனக்குக் குமட்டியது. "அது அதுக்கு ரொம்ப நல்லதாம் மாமா" என்றாள் பாப்பா. இந்தப் பிராணி போடும் புழுக்கையை எண்ணி எழுதுவதற்காக அந்த வீட்டுச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. தேதி, புல், தண்ணீர், புழுக்கை என்று கட்டம் கட்டமாக. எத்தனை, என்ன அளவு, உலர்ந்ததா ஈரமா. நான் ஐம்பத்து மூன்று வருடமாக உயிரோடு இருக்கிறேன். நான் சாப்பிட்டேனா என்று எழுதி வைத்த ஆள் யாரும் இல்லை. மற்றதை விடுங்கள்.

இந்த இடத்தில் என் மனைவிக்கும் வயிற்றுக்கோளாறு, அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று துன்பப்படுகிறாள் என்று எழுதினால் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. அவள் கல்லைத் தின்றாலும் செரிக்கும். முயல் கதையைச் சொன்னபோது, "அதுக்கு எண்ணி எழுதறாங்களா? வேற வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை அந்தப் பெண் இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டாள். அந்த அட்டை முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அவள் பின்னால் வந்து நின்றிருக்கிறாள்.

"மாமா, இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க பாப்போம்."

"கண்ணாடி எடுத்துட்டு வரல பாப்பா."

"உங்களுக்குக் கண்ணாடியே கிடையாதே. டைல்ஸ்ல முடி மாதிரி விரிசல் இருந்தாக்கூட தூரத்துலயே கண்டுபிடிக்கிறீங்க."

வக்கீலாக வர வேண்டிய பெண். நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நான் கலவை குழைப்பேன். அவள் என் பென்சிலை எடுத்து, போடப்போகும் டைல்ஸின் பின்பக்கத்தில் எழுத்து எழுதிக் கொடுப்பாள். மண் நிறப் பின்பக்கம், அதில் பென்சில் நன்றாகப் பிடிக்கும். நான் அதன் கீழே பார்த்து எழுதுவேன். சரியாக இருந்தால் ஒரு கோடு போடுவாள். அப்புறம் அந்த டைல்ஸைத் திருப்பிக் கலவையில் வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி உட்கார வைத்துவிடுவேன். நான் படித்த எழுத்து மொத்தமும் அந்தக் குளியலறைத் தரைக்கு அடியில் கிடக்கிறது. அதன்மேல்தான் அவர்கள் தினமும் குளிக்கிறார்கள்.

எழுத்து முடிந்து வார்த்தைக்கு வந்தபோது, புத்தகத்தைத் தேடவில்லை, சுவரில் இருந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். நான் வாழ்க்கையில் யார் உதவியும் இல்லாமல் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வார்த்தை புழுக்கை. இதை நீங்கள் சிரித்துக்கொண்டு படிக்கலாம். அவள் சிரிக்கவில்லை. கைதட்டினாள். அது இன்னும் மோசம்.

ஒன்று மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டேன். "இது நமக்குள்ள இருக்கட்டும் பாப்பா. யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"ஏன் மாமா?"

"முழுசாக் கத்துக்கிட்டு ஒரு நாள் எல்லாரையும் அசத்தலாம்."

அவளுக்கு அந்தக் காரணம் போதும். உண்மையான காரணம் வேறு. எழுத்துத் தெரியாதவன் என்று நினைத்துவிட்டால் மனிதர்கள் அவன் முன்னால் எதையும் விரித்து வைப்பார்கள். பில், கடிதம், போனில் வந்த செய்தி, எதையும் மூட மாட்டார்கள். நாற்காலி முன்னால் காகிதத்தை யாராவது ஒளிப்பார்களா? அப்படித்தான். வீட்டுக்காரர் ஒரு நாள் டைல்ஸ் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்ததை மேசை மேலேயே விட்டுப் போனார். 'டைல்ஸ்காரர் பாக்கி 6840. இப்போது வேண்டாம். கேட்டால் பார்க்கலாம்.' அதை நான் நாலு நிமிடத்தில் படித்தேன். நின்றுகொண்டே.

அந்தப் பாக்கி ஏன் நின்றது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

வராந்தாவுக்கு மிஷினில் டைல்ஸ் வெட்டிய அன்றைக்குத் துரை பயந்துவிட்டார். அன்று சாயந்திரம் புல்லைத் தொடவில்லை. மறுநாள் காலை அட்டையில் புழுக்கைக் கட்டத்தில் பாப்பா முட்டை போட்டாள். வீட்டில் யாரோ இறந்துபோன மாதிரி அமைதி. வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போகவில்லை. பத்து மணிக்கு நீங்கள் பையோடு வந்தீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, என் கலவைத் தட்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, அதன் வயிற்றில் காதுக்குழாயை வைத்துக் கேட்டீர்கள். ஒரு மனுசி முயல் வயிற்றில் சத்தம் கேட்கக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். ஊசி போட்டீர்கள். வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்தீர்கள். பச்சைக் கூழை ஊசிக்குழாயில் எடுத்து அதன் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டீர்கள்.

அப்புறம் பாப்பாவுக்குப் பாடம் எடுத்தீர்கள். முக்கால் மணி நேரம். முயல் வயிறு நிற்காமல் ஓட வேண்டிய மிஷின் மாதிரி, காய்ந்த புல்தான் அதை ஓட்டுகிறது. புல் இல்லாமல் இனிப்பும் மாவும் போனால் உள்ளே புளித்துக் காற்று கட்டும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது உள்ளேதான். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஆபத்து. வலித்தாலும் கத்தாது, மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கும், அதுதான் அதன் அழுகை. புழுக்கை சிறுத்தால் முதல் மணி, நின்றால் கடைசி மணி. நீங்கள் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். நான் டைல்ஸ் இடுக்கை அடைக்கிற பொடியைக் குழைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னீர்கள், உங்களுக்குத்தான் அது தெரியாது. ஆக, நான் இரண்டு பேரிடம் படித்தவன். எழுத்து அவளிடம், வயிறு உங்களிடம்.

போகும்போது ஐயாயிரத்து இருநூறு வாங்கினீர்கள். வீட்டுக்காரர் சாவியைச் சுழற்றாமல் எண்ணிக் கொடுத்தார். சாயந்திரம் துரை இரண்டு புழுக்கை போட்டது. அந்த வீட்டில் கேக் வெட்டாத குறை.

நான் அன்றுதான் பணம் கேட்டேன். நேரம் பார்த்துக் கேட்கத் தெரியாதவன்.

"உங்க மிஷின் சத்தத்துலதான் இவ்வளவும்" என்றார் வீட்டுக்காரர், சிரித்துக்கொண்டே. "டாக்டருக்கே அஞ்சாயிரத்து இருநூறு போயிடுச்சு. உங்களோடத மெதுவாப் பாத்துக்கலாம். எங்க ஓடிப்போகப் போறோம்?"

"சரிங்க" என்றேன்.

சாவி சுழன்றது. மூன்று வாரம் சுழன்றது. அதற்குள் பெரிய வேலையெல்லாம் முடிந்து, கீழ்க் குளியலறையில் இடுக்கு அடைப்பது மட்டும் மிச்சம். அப்போதுதான் அவர்கள் குடும்பத்தோடு நாலு நாள் வெளியூர் கிளம்பினார்கள். உறவுக்காரர் வீட்டுக்கு. துரையை யார் பார்த்துக்கொள்வது என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. அது காரில் போனால் பயப்படும். பக்கத்து வீட்டில் நாய். கடைசியில் வீட்டம்மா என்னிடம் வந்தார்.

"நீங்கதான் தினம் வரீங்களே. காலைல ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை புல்லு போட்டு, தண்ணி மாத்திடுங்க. பாப்பா சொல்வா எல்லாம். பாக்கிய வந்ததும் செட்டில் பண்ணச் சொல்றேன்."

பாப்பா வாயால் சொல்லவில்லை. அவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். நான் முதல் நாள் காலை பத்து மணிக்குச் சாவி போட்டுத் திறந்து போனபோது, கூண்டுக்கு மேலே சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. டைல்ஸ் மாமாவுக்கு என்று தலைப்பு. ஒவ்வொரு எழுத்தும் என் கட்டைவிரல் அகலம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டு, கோடு போட்டு எழுதியிருந்தாள். ஆறு வரி. நான் கலவைச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படித்தேன்.

காய்ந்த புல் எப்போதும் நிறைய இருக்க வேண்டும். தண்ணீர் தினமும் புதுசு. ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம் கொடுக்கவே கூடாது, கெஞ்சினாலும் கூடாது. புழுக்கையை எண்ண வேண்டும், குறைந்தால் உடனே டாக்டர் ஆன்ட்டிக்குப் போன் செய்ய வேண்டும், அதன் கீழே உங்கள் எண். தனியாக இருந்தால் அதற்குப் பயம், கொஞ்ச நேரம் அதோடு பேச வேண்டும். இது ஐந்து வரி. ஆறாவது முயலைப் பற்றியது அல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இருபது நிமிடம் ஆனது. ஒரு முழுத் தாளை நான் தனியாகப் படித்தது அதுதான் முதல் தடவை. தாள் சுவரிலேயே இருந்தது. நான் எழுந்து தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு ரொட்டி, இரண்டு பாக்கெட் கிரீம் பிஸ்கட், அரை டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். கூண்டில் இருந்த புல்லை எடுத்தேன். புல் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன்.

இதில் கோபம் எதுவும் இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கோபக்காரன் என்றால் ஒரு உதை போதும். நான் அந்த மாதிரி ஆள் இல்லை. துரைக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்தேன். உண்மையில் அதற்கு அவர்கள் கொடுத்த சாப்பாடு பிடிக்கவே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ரொட்டித் துண்டை நீட்டியதும் பின்னங்காலில் எழுந்து நின்று இரண்டு கையாலும் என் விரலைப் பிடித்துக்கொண்டது. வாழைப்பழத்துக்குத் துள்ளியது. இரண்டு மாதமாக என்னைக் கண்டால் பெட்டிக்குள் ஓடிய ஜந்து, சாயந்திரம் நான் கதவைத் திறந்ததும் ஓடி வந்து காலைச் சுற்றியது. அந்த வீட்டில் எனக்காக வாசலுக்கு வந்தது அது ஒன்றுதான். கிடைத்ததைத் தின்றுவிட்டுக் கொடுத்தவனை நல்லவன் என்று நினைக்கிற புத்தி. அதற்கு அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

நாலாவது வரிப்படி புழுக்கையையும் எண்ணினேன். சிமெண்ட் பையிலிருந்து கிழித்த காகிதத்தில் எழுதி வைத்தேன். இந்தக் கடிதத்தோடு அதையும் இணைத்திருக்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம். முதல் நாள் இருநூற்று முப்பது. இரண்டாம் நாள் தொண்ணூற்று நாலு, அதில் பாதி கூழ். மூன்றாம் நாள் பதினேழு, மிளகு அளவு. நாலாம் நாள் இல்லை. நீங்கள் சொன்ன கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த வகையில் உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

மூன்றாம் நாள் சாயந்திரம் அது வாசலுக்கு வரவில்லை. மூலையில் உருண்டையாகக் குறுகி உட்கார்ந்திருந்தது. பாப்பா வைத்த பேர் அப்போதுதான் பொருத்தமாகப் பட்டது. வயிறு தொட்டால் மத்தளம் மாதிரி இருந்தது. பல்லைக் கடிக்கும் சத்தம் சன்னமாகக் கேட்டது. போன் என் சட்டைப் பையில் இருந்தது. உங்கள் எண் கட்டைவிரல் அகலத்தில் சுவரில் இருந்தது. எண் எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும், அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஐந்தாவது வரியை மட்டும் விடக் கூடாது என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து அதோடு பேசினேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. கையில் பிஸ்கட் உறை இருந்தது. அதில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். கோதுமை மாவு. சர்க்கரை. தாவர எண்ணெய். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும். ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. தடுமாறாமல் படித்தேன். என் எழுத்து அந்த நாலு நாளில் நன்றாகத் தேறியது.

நாலாம் நாள் மதியம் சிந்தியதைத் துடைத்தேன். பழத்தோல், உறை எல்லாவற்றையும் கரணை, சுத்தியல் வைக்கும் என் வேலைப் பையில் போட்டுக்கொண்டேன். புல் பெட்டியை இறக்கி, கூண்டு நிறையப் புல் வைத்தேன். இடுக்கு வேலையையும் முடித்துவிட்டேன். குறை சொல்ல முடியாதபடி முடித்தேன்.

ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். பாப்பா காரிலிருந்து இறங்கி நேராகப் பின்கட்டுக்கு ஓடினாள். அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதது காரில் நடந்தது. வீட்டுக்காரர் ஓட்டினார். வீட்டம்மா முன்னால் உங்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் நானும் பாப்பாவும், என் மடியில் பெட்டி. என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனார்கள் தெரியுமா? பெட்டி ஆடாமல் பிடிக்க என் கைதான் சரி என்றாள் அவள்.

பாதி வழியில் என் காதருகே வந்து, முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள். "மாமா, மூணாவது வரி படிச்சீங்கல்ல?"

நான் பெட்டியைப் பார்த்தபடி சொன்னேன். "எழுத்து ரொம்பச் சின்னதா இருந்துச்சு பாப்பா. சரியாத் தெரியல."

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். எனக்குத் தெரியும், எழுதும்போது அதை வைத்துத்தான் அளந்திருப்பாள். அப்புறம், "ஆமா மாமா" என்றாள்.

நீங்கள் அதன் வாயைத் திறந்து பார்த்து, "மாவு மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கே, என்ன குடுத்தீங்க?" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன்.

வீட்டம்மா எனக்காகப் பரிந்து பேசினார். "அவர் சாப்பாட்டுல இருந்து ரொட்டி எதாவது குடுத்திருப்பார்மா. பாவம், பாசத்துல குடுத்திருப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இவ வேற அவருக்குப் போய் எழுதி ஒட்டியிருக்கா."

"நான்தாம்மா சின்னதா எழுதிட்டேன்" என்றாள் பாப்பா.

"நீ வீடு சைஸுக்கு எழுதினாலும் அவருக்குப் புரியாதுடி" என்றார் வீட்டுக்காரர். "வாயால சொல்லியிருக்கணும். சொன்னியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நமக்குள்ள இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்ட விஷயம் அவள் வாய் வரைக்கும் வந்தது. நான் பார்த்தேன். பாதி வளர்ந்த பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சொல்லலப்பா" என்றாள்.

ஒரு வார்த்தை போதும், நான் மாட்டியிருப்பேன். ஒன்பது வயதுக் குழந்தைக்கு ரகசியம் காப்பாற்றும் புத்தியை யார் கொடுத்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எட்டு மணிக்குத் துரை போய்விட்டது. நீங்கள் எல்லாரையும் பார்த்து, "யாரையும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல" என்றீர்கள். பெரிய மனசு. வீட்டுக்காரர் என்னை என் தெருமுனை வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டார். அதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை.

இது வரைக்கும் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். போன மாதம் சமையலறைச் சுவரில் ஒரு டைல்ஸ் கழன்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். அங்கே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வாழ்த்து அட்டை ஒட்டியிருந்தது. நீங்கள் பாப்பாவுக்கு அனுப்பியது. வழக்கம்போல என் முன்னால் யாரும் அதை மறைக்கவில்லை. கலவை உலரும் நேரத்தில் படித்தேன். 'கண்ணா, உருண்டை இறந்தது உன் தப்பு இல்லை. அந்த மாமாவின் தப்பும் இல்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. அறியாமல் நடந்தது.'

அறியாமல்.

டாக்டரம்மா, அந்த வீட்டில் அறிந்து நடந்த ஒரே காரியம் அதுதான். வரி வரியாகப் படித்து, எண்ணி, எழுதி வைத்துச் செய்தது. என்னை நீங்கள் கெட்டவன் என்று எழுதியிருந்தால் நான் டைல்ஸை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். முட்டாள் என்று எழுதி, அதையும் பூப்போட்ட அட்டையில் எழுதி, ஃபிரிட்ஜில் மாட்ட வைத்தீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். வேறு காரணம் எதுவும் தேட வேண்டாம்.

பாப்பாவுக்காக எழுதுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். அன்று அவள் வெளியே வரவில்லை. வீட்டம்மாதான் டீ கொடுத்துக்கொண்டே சொன்னார். "ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டு விட்டுட்டாங்க. நோட்டுல ஒரு பக்கத்துக்கு நாலு வார்த்தைதான் எழுதறா. கட்டை கட்டையா. மாசத்துக்கு பத்து நோட்டு ஆகுது. டீச்சர் திட்டினா, 'சின்னதா எழுதினா எல்லாருக்கும் தெரியாது மிஸ்'ங்கறாளாம். என்ன பண்றதுன்னே தெரியல."

"சரியாயிடும்மா" என்றேன். டீ அன்றைக்குக் கொஞ்சம் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

அவளிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு. நான் செய்ததற்குக் காரணம் கேட்டால், முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது. முயல் வயிறு நின்றால் ஒரு மணி நேரத்தில் காசு வருகிறது, வேலை செய்தவன் காசு மாதக்கணக்கில் சாவியோடு சுற்றுகிறது. நியாயம் தெரிந்த யாருக்கும் இது புரியும். என் மனைவிக்குப் புரிந்தது. அவளுக்கு நான் இவ்வளவுதான் சொன்னேன்.

ஆறாவது வரி பாக்கி இருக்கிறது. படித்ததைப் பாதியில் விடக் கூடாது என்று பாப்பா சொல்வாள். அந்த வரி இதுதான்: 'மாமா, அப்பாகிட்ட சண்டை போட்டு உங்கள் பணம் முழுசும் வாங்கிவிட்டேன், புல் பெட்டிக்கு அடியில் கவரில் இருக்கிறது.'

இருந்தது. முதல் நாள் காலை பத்தரை மணிக்கு, புல்லில் கை வைப்பதற்கு முன்னால், கவரை எடுத்து இரண்டு தடவை எண்ணினேன். ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது. ஒன்றுகூடக் குறையவில்லை. அதற்கப்புறம்தான் கடைக்குப் போனேன். ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் சேர்த்து நூற்றுப் பத்து ஆனது. அதை அந்தக் கவரிலிருந்துதான் கொடுத்தேன்.